உயிருடன் உள்ளார்

மடிக்கணினித் திரையில், கோமதித்தாயின் கட்டத்தில் வயது ஏழு என்று இருந்தது. ராஜகுமாரி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பிறந்த வருஷம் 1954 என்று நேற்று அவளேதான் தட்டினாள். எழுபதைத் தாண்டியல்லவா காட்ட வேண்டும்?

ஊர்ப் பெயரைக் கொடுத்தால் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடி எடுத்து வம்சாவளி போட்டுத் தரும் இணையதளம் அது. அந்தக் கிறுக்கு ஷார்ஜாவில் இருக்கும் புருஷன் இசக்கிராஜாவுக்கு. உட்கார்ந்து தட்டுவது இவள். கோமதித்தாய் அவனுடைய அப்பாவுக்கு அக்கா. ஏழு வயதில் கரிவலம்வந்தநல்லூர்த் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தவள், வீட்டுக் கன்னியாகி, வருஷம் தவறாமல் படையல் வாங்கிக்கொள்ளும் தெய்வமாகிவிட்டாள். இணையதளம் இறந்த தேதி கேட்டபோது ராஜகுமாரி புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, கன்னியப் போயி செத்துட்டான்னு போடுவாங்களா? தெய்வக்குத்தம் ஆயிரும். இருக்கான்னே போடு" என்றான்.

'உயிருடன் உள்ளார்' என்பதை அழுத்தினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

மணி மூன்றே முக்கால். மின்வெட்டில் பக்கத்து வீட்டு விசைத்தறி சட்டென்று நிற்க, அந்த அமைதிக்குள் அடுக்களைப் பக்கமிருந்து பாசியும் ஈரக்கல்லும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து, மழையே காணாத அந்த வெயிலிலும் அவள் கழுத்தடியில் குளிரக் குளிரப் படிந்தது. அந்த வீட்டில் தொட்டியில்லை, கிணறில்லை. எங்கோ குடம் முங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தெய்வக்குத்தம் வந்தால் வரட்டும் என்று, 'இறந்துவிட்டார்' என மாற்றப் பார்த்தாள்.

'உயிருடன் இருப்பவரின் விவரத்தை அவர் மட்டுமே மாற்றலாம்' என்று வந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டம் நகர்ந்தது. ஒரு தலைமுறை இறங்கியது. இன்னொன்று. இவள் பெயருக்குக் கீழே வந்து நின்றது. கோமதித்தாய். தாய்: ராஜகுமாரி.

அதுவரை அங்கே இருந்தது தேன்மொழி. அவளுடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. நாலு மணிக்குப் பள்ளி வேனில் வருவாள்.

திரையை மேலே தள்ளினாள். இரண்டு தலைமுறை மேலே, கோமதித்தாய் இருந்த இடத்தில் கிடைத்தது. தேன்மொழி. பிறப்பு 1954. இறப்பு 1961.

வேன் ஓட்டும் சுடலைராஜுக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, எம் பிள்ளை... தேன்மொழி வண்டியில ஏறிட்டாளா?"

"எந்தத் தேன்மொழி, அக்கா? நம்ம வண்டியில அப்படி யாரும் வரலியே. உங்க பிள்ளை கோமதி இப்பதான இறங்கினா."

போனைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

வாசலில் ஒரு சிறுமி. தேன்மொழியின் சீருடை. தேன்மொழியின் பை. முகம் வேறு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எம் பிள்ளை எங்கன?" என்றாள் ராஜகுமாரி.

"கெணத்துக்குள்ள கிடக்கா. அம்மா அம்மான்னு கூப்பிடுதா." சிறுமி சாதாரணமாகச் சொன்னாள். "நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். யாரும் வரல."

வந்து மடியில் உட்கார்ந்தாள். கனம். குளிர். பையிலிருந்து சீப்பை எடுத்து ராஜகுமாரியின் கையில் வைத்தாள்.

"பின்னி விடும்மா."

கத்த வேண்டும், இவளைத் தள்ளிவிட்டுத் தோட்டத்துக்கு ஓட வேண்டும் என்று நினைத்தாள். கைகள் கேட்கவில்லை. அவை ஈர முடியை மூன்றாகப் பிரித்து, பாசியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, நிதானமாகப் பின்னத் தொடங்கின.