இரண்டு வைப்பர் தகடுகள்

"அய்யோ...!"

அந்த அலறல் பெயின்ட் கிடங்கின் சுவர்களில் மோதி விழுந்தது. அலறியவனும் விழுந்தான்.

இரும்புக் கம்பி மறுபடியும் உயர்ந்தது.

"அண்ணா! வேணாம்ண்ணா! அவரை விட்டுரு!"

"தள்ளுடி! டிரைவர் பயலுக்கு என் தங்கச்சி கேக்குதா?"

கம்பி இறங்கியது. கணவனின் வலக்கை எலும்பு முறிந்த ஓசை அவள் காதில் விழுந்தது!

சமாதானம் பேசலாம் என்று தன் பெயின்ட் கடைக்கு அழைத்து, அடித்தளக் கிடங்கில் இறக்கியவன் உடன்பிறந்த அண்ணன். அவள் செய்த குற்றமோ, விரும்பியவனை மணந்தது ஒன்றே! குடும்ப மானம், குடும்ப மானம் என்று முழங்குவோரே... அந்த மானத்தை ஏன் எப்போதும் பெண்ணின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிடுகிறீர்கள்? உங்கள் கழுத்து வலிக்குமோ?

அண்ணன் இருவரின் செல்போன்களையும் பிடுங்கினான். அவள் கைப்பையைக் கவிழ்த்தான். ஒரு தோல் உறை விழுந்து திறந்தது. உள்ளே, நுனி வளைந்த மெல்லிய 'பிக்' கம்பிகள்!

"ஓ... ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் பூட்டு நோண்டி விளையாடுவீங்களே, அந்தச் சாமானா? இதை வெச்சுத் தப்பிச்சிரலாம்னு பாத்தியா?"

பிக் கம்பிகளை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மிச்சம் கிடந்தவை, முனை மடங்கிய இரண்டு எஃகுத் தகடுகள். அவற்றைக் காலால் எற்றினான்.

"குப்பை!"

வாசலில் நின்று திரும்பினான்.

"வேலையாளுங்களைச் சாப்பிட அனுப்பிட்டு வரேன். தின்னர் வெச்சிருக்கிற ரூம்ல தீப்பிடிச்சா எவன்டி கேள்வி கேப்பான்?"

படார்!

இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் இரும்புக் கதவு. உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். சாவி அவனிடம்!

"பல்லழகி..." தரையிலிருந்து கணவன் முனகினான். "உங்கண்ணன் கவனிப்பு ரொம்ப பலமா இருக்கு..."

"பேசாதடா! ரத்தம் கொட்டுது."

"பிக்கைத்தானே எடுத்தான்? தகட்டு ரென்ச்சை விட்டுட்டுப் போயிட்டான் பாரு!"

அறியாதவர் அனைவரும் செய்யும் பிழை அது. கூராக இருப்பதுதான் பூட்டைத் திறக்கும் என்பது அவர்கள் நினைப்பு. இல்லை! பூட்டின் உருளையை இலேசாக முறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் ரென்ச்தான் திறக்கிறது. பிக், உள்ளே வரிசையாக இருக்கும் சிறு முட்களைத் தூக்கிவிடும் எடுபிடி. அந்த வேலைக்கு அவள் கொண்டையிலேயே ஒரு ஹேர்பின் இருந்தது!

ரென்ச்சுகளோ, அவன் ஓட்டும் பேருந்தின் பழைய வைப்பரிலிருந்து இருவரும் அறுத்து வளைத்தவை. ஒன்று தடித்தது. ஒன்று மெலிந்தது.

தடித்ததைச் சாவித்துளையின் அடியில் செருகினாள். ஹேர்பின் நுழைய இடமே இல்லை!

"அது வேணாம்... மெலிசை எடு. மேல் ஓரத்துல மாட்டு. கீழ இடம் கிடைக்கும்."

மாட்டினாள். அழுத்தினாள். முட்கள் அசைய மறுத்தன.

"நகரவே மாட்டேங்குதுடா!"

"நீ எங்க ரென்ச்சைப் பிடிச்சிருக்கே? உங்கண்ணன் குரல்வளையைத்தானே பிடிச்சிருக்கே! கோபத்தை இறக்கு. பல் செட்டுக்கு மெழுகு வெப்பியே... அந்த விரல் வேணும்."

பல் செட் செய்யும் கூடத்து வேலையில் மெழுகைத் தொட்டுப் பழகிய விரல் தளர்ந்தது. நுனிவிரலின் பாரம் மட்டுமே தகட்டின் மேல்...

டிக்!

இன்னொன்று... டிக்!

மேலே கடையின் ஷட்டர் கடகடவென்று இறங்கியது!

"அய்யோ, உருளை பின்னால திரும்புதுடா!"

"திரும்பட்டும்! அது நோண்டுறவனை ஏமாத்த வெச்ச முள்ளு. பிடியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாதான் ஏறும்..."

விட்டுக்கொடுத்தாள்.

டிக்! உருளை சுழன்றது. கதவு திறந்தது!

ஓட வழியில்லை. இருப்பது ஒரே படிக்கட்டு. அதன் உச்சியில் அண்ணனின் செருப்போசை!

அவள் யோசிக்கவில்லை. பெயின்ட் டின்களை ஆள் நீளத்துக்குச் சரித்து, மூலையில் கிடந்த தார்ப்பாயால் மூடினாள். தடித்த தகட்டை உட்புறச் சாவித்துளையில் ஆழச் செருகி, முன்னும் பின்னும் வளைத்தாள். பட்டென்று முறிந்தது. துண்டு துளைக்குள்ளேயே தங்கியது! கணவனை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தி, பக்கத்து டிரம்களின் பின்னால் பதுங்கினாள்.

அண்ணன் வந்தான். திறந்தான். சாவியை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"போர்த்திக்கிட்டுத் தூக்கமாடா, நாயே?"

கம்பி இறங்கியது... மீண்டும்... மீண்டும்! தார்ப்பாயின் அடியிலிருந்து செக்கச்சிவப்பாய் வழிந்தது. அவன் சிரித்தான்! தார்ப்பாயை உருவினான்.

சிவப்பு பெயின்ட்!

படார்!

அவன் முதுகுக்குப் பின்னால் அவள் இழுத்துச் சாத்திய கதவு பூட்டிக்கொண்டது.

"ஏய்! சாவி நுழையலடி! ஓட்டைக்குள்ள என்னத்தடி அடைச்சு வெச்ச?"

"நீ சொன்ன குப்பைதாண்ணா!"

கடைத் தொலைபேசியில் போலீசை அழைக்க அவள் படியேறினாள். உள்ளிருந்து கதவு அதிர்ந்தது. முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கணவன் அந்தக் கதவில் சாய்ந்தான்.

"எதுக்கு மச்சான் கத்துறீங்க? பிக்கெல்லாம் உங்க பாக்கெட்லதானே இருக்கு... போலீஸ் வர்றவரைக்கும் பழகிப் பாருங்க!"