பூட்டிய அறையில் பழுத்த தக்காளி

ரான் மேய் உள்ளே நுழைந்தபோது திங் ஹாவின் வாய் நிறைய எள்ளு விழுது பிசைந்த நூடுல்ஸ் இருந்தது. சீனாவின் யாங்ஸி ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் காணாமல்போன சைக்கிளுக்காகத்தான் வருவார்கள். அதனால் அவன் தலையை நிமிர்த்தாமலே, "என்ன கலர் சைக்கிள்மா?" என்று கேட்டான்.

"சைக்கிள் இல்லண்ணா. என் தக்காளி பழுத்துடுச்சு."

திங் சிரித்துவிட்டான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இரவெல்லாம் அழுத முகம் அது. எதிர் மேஜையில் வெந்நீர்க் குடுவையைத் திருகி மூடிக்கொண்டிருந்த லூ ஜென் நாற்காலியைக் காட்டினாள். நகரக் காவல்துறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இந்த அலுவலகத்துக்கு வந்தவள் அவள். யார் எதைச் சொன்னாலும் அவசரப்பட மாட்டாள்.

"பழுக்கக் கூடாத தக்காளியா?" என்றாள்.

"ஆமாங்க்கா. தக்காளிக்குள்ள ஒரு ஜீன் குடும்பம் இருக்கு. அதுங்க தானா எந்த வேலையும் செய்யாது, மத்த ஜீனை வேலை ஏவும். காய் பழுக்கறதுக்கு முன்னாடி தானே ஒரு வாயுவை விடும். அந்த வாயுவைத் தயார் பண்ணுன்னு ஆணை போடறது அந்தக் குடும்பத்துல ஒரே ஒரு ஜீன்தான்னு நான் கண்டுபிடிச்சேன். அதை வெட்டின செடியோட காயைப் பறிச்சு வச்சா மஞ்சப் பச்சையாவே கிடக்கும். கிடந்துது. நேத்துப் பார்த்தா சிவந்திருக்கு."

"யாராவது பழத்தை மாத்தியிருப்பாங்க," என்றான் திங். நூடுல்ஸ் கிண்ணத்தை எப்போதோ ஒதுக்கிவிட்டிருந்தான்.

"சோதிச்சுப் பார்த்துட்டோம். என் பழம்தான். வெட்டின ஜீன் வெட்டினபடியே இருக்கு. அறைக்கு அட்டை தேய்ச்சாத்தான் கதவு திறக்கும். இந்த மாசம் என் அட்டையைத் தவிர வேற எதுவும் தேய்க்கல."

நாளை மறுநாள் அவளுடைய முனைவர் பட்டத் தேர்வு. தேர்வாளர்கள் அந்தப் பழங்களை நேரில் பார்க்கக் கேட்டிருந்தார்கள். தெற்கே இன்னொரு குழு இதே ஜீனைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகப் பேச்சு. இப்போது தவறினால் ஐந்து வருட உழைப்பும் அடுத்தவன் பெயரில் போய்விடும்.

"அப்பா இன்னிக்கு ரயில்ல வர்றார்," என்றாள் கடைசியில், அதுதான் பெரிய குற்றம் என்பதுபோல.

சோதனைக்கூடம் முதல் மாடியில் இருந்தது. பேராசிரியர் பாங் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவன் தெங் கை, அதே குடும்பத்தின் வேறொரு ஜீனை ஆராய்கிறவன்.

"அவ பொய் சொல்றான்னு நான் சொல்லல," என்றார் பாங். "அவ சொல்ற ஜீன் இல்லாமலே பழம் பழுக்குதுன்னா, அந்த ஜீனுக்கும் பழுக்கறதுக்கும் சம்பந்தமில்லன்னுதானே அர்த்தம்?"

"நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன்," என்றான் தெங் கை. "ஒரு அண்ணன் ஊருக்குப் போனா இன்னொரு அண்ணன் வேலையைப் பார்த்துப்பான். குடும்பம்னா அப்படித்தான். இவதான் கேட்கல."

திங்குக்கு அவன் முகத்தைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. லூ ஜென்னின் காதருகே போய், "இவன்தான்க்கா," என்று முணுமுணுத்தான்.

"எப்படிப்பா?"

"அது தெரியாது. ஆனா இவன்தான்."

லூ ஜென் அறைக்குள் போனாள். சுவரோரம் தட்டுத்தட்டாகத் தக்காளிகள் அடுக்கியிருந்தன. மூலையில், தரையோரம், காற்று வரும் சதுரத் துவாரம் ஒன்று. அதன் அருகில் இருந்த தட்டில் பழங்கள் கருஞ்சிவப்பாக இருந்தன. நடுத் தட்டில் ஆரஞ்சு. கதவோரத் தட்டில் கன்னத்தில் மட்டும் லேசான சிவப்பு. அந்த அண்ணன் கதை உண்மையென்றால் எல்லாத் தட்டும் ஒன்றுபோலல்லவா பழுத்திருக்க வேண்டும் என்று திங் யோசித்தான். சொல்லிப் பாராட்டு வாங்கலாமென்று வாயைத் திறப்பதற்குள் அவள் மாடிப்படி இறங்கிவிட்டாள்.

கீழே, அந்த அறைக்கு நேர் அடியில், காவலாளி ஹூவின் அறை. பொக்கைவாய்க் கிழவர். விருந்தாளி வந்த சந்தோஷத்தில் ஆளுக்கொரு பெர்சிமன் பழம் நீட்டினார். தக்காளி போலவே இருக்கும் அந்த ஆரஞ்சுப் பழம் திங்கின் கையில் தேனாகக் குழைந்தது. காயாக இருந்தால் நாக்கைச் சுருட்ட வைக்கும் துவர்ப்பு துளிகூட இல்லை.

"வந்தப்போ கல்லு மாதிரி இருந்துது," என்றார் ஹூ பெருமையாக. "என் ரூம்ல வச்சா எதுவும் கனிஞ்சிடும்."

"மாமா, அந்த ஆப்பிளை நீங்க சாப்பிடலையா?" என்றாள் லூ ஜென். ஜன்னலோரக் கிண்ணத்தில் தோல் சுருங்கிய ஆப்பிள்கள் கிடந்தன.

"என்னைக் கிண்டல் பண்றியா? எந்தப் பல்லால கடிக்கறது?"

லூ ஜென் சிரித்தாள். ஹூ சிகரெட் பற்றவைத்தார். புகை மேலெழுந்து, கூரையோரம் ஒரு கம்பிவலைக்குள் வரிசை பிடித்ததுபோல நுழைந்து மறைந்தது. திங் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்லதாப் போச்சு, புகை நிக்கறதே இல்ல," என்றார் ஹூ. "முன்னெல்லாம் வெளிச்சுவத்து ஓட்டை வழியா ஊதக் காத்து வந்து என் முதுகை உறைய வச்சிடும். குளிர் ஆரம்பிச்சதும் பழைய ரஜாய்ப் போர்வையை அதுல திணிச்சிட்டேன்."

லூ ஜென் பாதிப் பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். பெர்சிமன் வந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழங்களுக்கு அடியில் சோளத் தோகை மெத்தையாக விரித்திருந்தது, ஊரிலிருந்து யாரோ பொறுமையாக அடுக்கி அனுப்பிய வேலை. அந்த நேரத்தில் அவள் முகம் ஏன் அப்படி வாடியதென்று திங்குக்குப் பிடிபடவில்லை.

சற்று நேரத்தில் எல்லோரும் ஹூவின் அறையில் கூடியிருந்தார்கள். வேண்டாமென்று லூ ஜென் சொல்லிப் பார்த்தாள். பேராசிரியரோ இங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார்.

"யாரும் அறைக்குள்ள வரல," என்று தொடங்கினாள் அவள். "வந்தது காத்து. துவாரத்துப் பக்கம் அதிகமாச் சிவந்து, கதவுப் பக்கம் குறைஞ்சிருக்கு. மேல அந்த அறைக்குக் காத்து குடுக்கற விசிறி, மாமா ரூம் ஓட்டை வழியாத்தான் வெளிக்காத்தை இழுக்கணும். வெளி ஓட்டையை ரஜாய் அடைச்சிருக்கு. அதனால அந்தக் கம்பிவலை வழியா இந்த ரூம் காத்தையே இழுத்திருக்கு. பெர்சிமன் கனியறதுக்கு நாம எல்லாரும் வீட்ல என்ன பண்ணுவோம்? நடுவுல ரெண்டு ஆப்பிளை வச்சு மூடுவோம். தக்காளி பழுக்கறப்போ விடற அதே வாயுவை ஆப்பிளும் விடும், அது மத்த பழத்தைப் பழுக்க வச்சிடும். மாமாவால ஆப்பிள் கடிக்க முடியாது, ஆனா கிண்ணத்துல ஆப்பிள் இருக்கு. அது பெட்டிக்குள்ளயே வந்துது."

திங் துள்ளினான். "அப்போ ரான் மேய் சொன்னதுதான் சரி! தக்காளி தன் வாயுவைத் தானா விட முடியல. வெளியிலேர்ந்து குடுத்ததும் பழுத்துது. அவ ஜீன்தான் வாயுவுக்கு ஆணை போடுது!"

தெங் கை கண்ணைத் தாழ்த்தினான். "ஆமா. அவ சொன்னது சரிதான்," என்றான் மெதுவாக.

"அது இருக்கட்டும். யார் வச்ச பெட்டி இது?" பாங்கின் குரல் உயர்ந்தது. "மேல வெளிப் பழமே வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். அவன் யாரா இருந்தாலும் விடமாட்டேன்."

"பெட்டி யாரோடதுங்கறது தேவையில்ல சார்," என்றாள் லூ ஜென்.

ஹூ ரான் மேயை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அப்போதுதான் திங்குக்குப் புரிந்தது. கொஞ்சம் முன்பே புரிந்திருக்கலாம்.

"என்னோடது சார்," என்றாள் ரான் மேய். "உங்களுக்காக எங்கப்பா அனுப்பினார். பழுத்ததும் குடுக்கலாம்னு இருந்தேன். மேல பழம் கொண்டு வரக் கூடாதேன்னுதான் மாமாகிட்ட குடுத்து வச்சேன். ஓட்டையை அடைச்சது எனக்குத் தெரியாது."

பாங் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை வெறுக்கத் தயாராக இருந்த திங்குக்கு அதுவும் முடியவில்லை.

"திங் சொல்றது எனக்கும் புரியுது," என்றார் அவர். "ஆனா எவ்வளவு வாயு, எப்போ வந்துதுன்னு அளவே இல்லையே. தேர்வாளருங்க கண்ணுக்கு எதிர்ல சிவந்த பழம் கிடக்கும், நான் ரஜாய் கதை சொல்லணுமா? புதுசா விதைச்சுக் காய்க்க வைக்க ஒரு பருவம் ஆகும். அதுக்குள்ள தெற்குக்காரன் எழுதிடுவான். தேர்வைத் தள்ளிப்போடறதைத் தவிர என்னால எதுவும் முடியாதும்மா."

யாரிடம் கோபப்படுவது? கிழவர் குளிருக்கு ரஜாய் திணித்தார். தகப்பன் மகளின் ஆசிரியருக்குப் பழம் அனுப்பினான். மகள் விதியை மதித்தாள். கைவிலங்கு மாட்ட ஒரு கைகூட அந்த அறையில் இல்லை.

சாயங்காலம் வாசல்வரை அவனும் லூ ஜென்னும் ரான் மேயுடன் நடந்தார்கள். ஷான்ஷி மலையிலிருந்து வந்த அப்பா புதுச்சட்டை போட்டு, இன்னொரு பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றார். மகளைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"சாருக்குப் பிடிச்சுதா?"

"பிடிச்சுதுப்பா."

"நல்லாக் கனிஞ்சிருந்துதா? கல்லாவே போயிருக்குமோன்னு கவலையா இருந்துது."

"நல்லாக் கனிஞ்சிருந்துதுப்பா," என்றாள் அவள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள்.

அவர் பெட்டியைத் திங்கின் கையில் கொடுத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராய்ச் சட்டைப்பையிலிருந்து இரண்டு ஆப்பிள்களை எடுத்தார்.

"இதையும் நடுவுல போட்டு, கதகதப்பான இடமாப் பார்த்து வை தம்பி. தேர்வு பண்ண வர்றவங்களுக்கும் கொஞ்சம் குடுக்கணும்."

லூ ஜென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திங் பெட்டியை வாங்கிக்கொண்டு, சரிங்க மாமா என்று சொன்னான்.