வீரக்குட்டியின் இடக்கண்

பேணாட்டுக்குப் பிடரியிலிருந்து நடுமுதுகு வரை வலித்தது. துறைமுகத்தில் மாமூட்டை சுமந்த காலத்து வலிதான். இப்போது கண் பரிசோதனை அறையில் நாள் முழுக்கக் கமராவுக்கு முன்னால் குனிந்திருந்ததில் திரும்பி வந்திருந்தது. வெளியே உச்சி வெயில். உள்ளே ஜன்னல்களில் கறுப்புத் துணி அறைந்து, ஜெனரேட்டர் உறுமலும் டீசல் நாற்றமும் யார் யாரோ விட்டுப்போன வியர்வையுமாகக் கனத்துக் கிடந்தது இருட்டு.

அந்த இருட்டில், கொம்பியூட்டர் திரையில், இருக்கக் கூடாத கண் ஒன்று தெரிந்தது.

கமராவின் தாங்கியில் நாடியை ஊன்றியிருந்தவள் அவனுடைய அக்கா திரேசம்மா. போன கிழமைதான் இடக்கண்ணில் புரை எடுத்துப் புது வில்லை வைத்தார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்குள் ஒளியை விட்டுப் படம் பிடித்தால் கண்மணி தோடம்பழச் சுளை போலச் செம்மஞ்சளாக நிறைந்து எரிய வேண்டும். புரை இருந்தால்தான் கறுப்பு விழும். கொம்பியூட்டர் அந்தக் கறுப்பைச் சுற்றிப் பச்சைக் கோடு இழுத்து, புரை எவ்வளவு முற்றியது என்று புள்ளி போடும். புள்ளி கூடியவருக்குத்தான் முதலில் ஒப்பரேசன்.

திரையில் கறுப்பு இருந்தது. கீழிருந்து மேலே, மீன் முள் மாதிரி.

"அசையாதே அக்கா."

"சந்தையில மீன் செவுளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய். நாறுதோடா?"

கமராக் கண்ணாடியைத் துடைத்தான். திரும்பவும் எடுத்தான். அதே முள். அவனுக்கு அதைத் தெரியும்.

போன கிழமை வெருகலிலிருந்து வந்த கிழவர் வீரக்குட்டியின் இடக்கண் அது. வலக்கண் அவருக்கு எப்போதோ போய்விட்டது. படம் என்றதும் அடையாள அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமிக்காரர் வீடு வீடாக வந்து படம் எடுத்தபோது பழகியது. "சிரிக்கோணுமோ மகன்?" என்று கேட்டார்.

அன்று ஒப்பரேசனுக்கு ஓர் இடம்தான் மிச்சம். எவரானாலும் முதலில் அவருடைய இலக்கச் சீட்டைப் படம் பிடிக்க வேண்டும், பிறகு வலக்கண், பிறகு இடக்கண். சீட்டை வைத்துத்தான் இது யாருடைய கண் என்று கொம்பியூட்டர் அறியும். பேணாட் கிழவருடைய சீட்டையும் அக்காவுடையதையும் மாற்றி வைத்தான். கிழவரின் புள்ளி அக்காவுக்குப் போனது.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் சொன்னதைப் பேணாட்தான் கிழவருக்குச் சொன்னான்: "இன்னும் முத்தேல்லையாம் ஐயா. வாற வருசம் வாங்கோ."

"ஓம் மகன். மிசின் சொன்னாச் சரிதானே," என்று அவர் அவனுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். நன்றி சொன்னார். சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

மூதூருக்கு வள்ளத்தில் போய், அங்கிருந்து றோட்டால் நடந்திருக்கிறார். ஆமிச் சென்றியில் காவலுக்கு நின்ற ஒருவன் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். நில் என்று. கை தெரியாத கிழவர் நிற்கவில்லை. சுட்டுவிட்டான். சேதி அடுத்த வள்ளத்தில் வந்தது. பேணாட் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அன்றும் அக்கா போட்ட சோற்றைத் தின்றான். தின்னத் தின்ன வெட்கமாக இருந்தது. மறுசோறும் வாங்கினான்.

"அக்கா, உனக்குப் பார்வை எப்படி?"

"எல்லாம் பளிச்செண்டு தெரியுது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்டுதான் விளங்கேல்லை. எங்க பாத்தாலும் ஒரு கை. நில் எண்டு தூக்கிப் பிடிச்ச கை. வாசல்லயும் நிண்டது. இப்ப உன்ர தோளுக்குப் பின்னால நிக்குது."

அவன் திரும்பவில்லை. பிடரி திரும்ப மறுத்தது.

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் டீசல் நாற்றம் இல்லை. றோட்டுப் புழுதி மணத்தது. அதில் ஈரம் பட்ட மணம்.

கமரா கிளிக் என்றது.

அவன் பொத்தானை அமத்தவில்லை.

திரையில் ஒரு சீட்டு. வீரக்குட்டியுடையது. அதை நெஞ்சோடு பிடித்த விரல்கள். நகத்துக்குள் மண்.

கிளிக். வலக்கண். வெள்ளை.

கிளிக்.

இடக்கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை.

கொம்பியூட்டர் துளையைச் சுற்றிப் பச்சைக் கோடு இழுத்தது. மெல்ல. முழு வட்டம். முழுப் புள்ளி.

பிடரியில் மூச்சுப் பட்டது.

"இப்ப முத்தீட்டுதோ மகன்?"

வீரக்குட்டிக்கு ஒரு கண் கொடுக்க வேண்டியிருந்தது. பேணாட் அதை இன்னும் கொடுக்கவில்லை.