திருத்தி எழுது, ரூபினி!

செல்போன் அலறியது.

"ரூபினியா? உங்கம்மா ஸ்டேஷன்ல இருக்காங்க. உடனே வாம்மா."

லைன் கட்!

ரூபினி வைட்ஃபீல்டில் ஒரு கல்லூரியில் வீடியோ கேம்களுக்குக் கதை எழுதப் படிக்கிறாள். கடைசி வருடம். ஒரு திருட்டைப் பற்றி அவள் எழுதிய கேம் கதையை, மூன்று முறை திருத்திய பிறகும் பேராசிரியர் பிரகாஷ் திருப்பி அனுப்பியிருந்தார். நம்பும்படியாக இல்லையாம்!

அந்த எரிச்சலோடு ஆட்டோவில் ஏறினாள். ட்ராஃபிக் நகரவில்லை. பாதியில் இறங்கி ஓடினாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் அம்மா சின்னத்தாயி. அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலை செய்பவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சேஷகிரி நிமிர்ந்து, கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"நோடம்மா, பாரும்மா... நேத்து மதியம் மமதா மேடம் வீட்ல நகை போயிருக்கு. வாட்ச்மேன் ரெண்டு பத்துக்கு டீ குடிக்கப் போவான். வீட்டுச் சாவி வாசல்ல பழைய ஷூவுக்குள்ள இருக்கும். வந்தவனுக்கு ரெண்டுமே தெரிஞ்சிருக்கு. அங்க வேலை செய்ற உங்கம்மாவைத் தவிர யாரு சொல்லியிருப்பா?"



இரண்டும் ரூபினியின் கதையில் இருக்கிறதே...!

"ஏன்டி," அம்மா கிசுகிசுத்தாள். "நான் உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

 வேறு என்ன நடந்தது என்று ரூபினி இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்.

சேஷகிரி சலிப்போடு சொன்னார். பூஜை அறையில் சாமி படங்களையெல்லாம் கழற்றிப் போட்டிருக்கிறான். சுவரைச் சுத்தியலால் உடைத்திருக்கிறான். நகை இருந்ததோ பீரோவில்.

ரூபினி சட்டென்று நிமிர்ந்தாள்.

"படத்துக்குப் பின்னாடி லாக்கர் தேடியிருக்கான் சார். அந்த வீட்ல லாக்கரே கிடையாது. வாட்ச்மேன், சாவி, லாக்கர் மூணுமே என் கேம்ல இருக்கு; லாக்கர் மட்டும் நானா கற்பனை பண்ணி எழுதினது. எங்கம்மா தினமும் அந்தச் செவுத்தைத் தொடைக்கிறவங்க. அவங்க சொல்லி வந்தவன்னா நேரா பீரோவுக்குப் போயிருப்பான்."

சேஷகிரியின் பேனா நின்றது.

"அப்ப வந்தவன்... உன் கேமை ஆடினவன்."

ரூபினி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள்.

யார், எப்போது, கதையின் எந்த வழியில் போனார்கள்... எல்லாம் பதிவாகியிருக்கும். ஆடுகிறவர் எங்கே சலித்துப் போகிறார் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பதிவு.

ஐந்து பேர் ஆடியிருந்தார்கள். நான்கு பேர் அவளுடைய வகுப்புத் தோழர்கள். நால்வருமே முதல் அறையைத் தாண்டவில்லை. துரோகிகள்!

ஐந்தாவது பெயர்...



பிரகாஷ் சார்!

மார்க் போடுகிறவர் எல்லா வழிகளிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இவர் ஒரே வழியில் பதினோரு முறை போயிருக்கிறார். ஷூ, கதவு, பூஜை அறை. மறுபடியும் ஷூ, கதவு, பூஜை அறை. கடைசி ஆட்டம், நேற்றுக் காலை.

அவர் எழுதி அனுப்பிய குறிப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வாட்ச்மேன் எத்தனை மணிக்கு நகர்வான்? சாவி எங்கே இருக்கும்? எந்த அபார்ட்மென்ட்டை மனதில் வைத்து எழுதுகிறாய்?

அவளும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக் கறந்து, பெருமையாகப் பதில் எழுதியிருந்தாள். சாப்பாடு மறந்து மூன்று முறை அவள் திருத்தியது கதையை அல்ல... அவருடைய திட்டத்தை!

அடுத்த ஒரு மணி நேரத்தில் கல்லூரி பார்க்கிங்கில் ஜீப் நின்றது. பிரகாஷின் கார் டிக்கியில் நகைகள் அப்படியே இருந்தன.

சின்னத்தாயியை வெளியே அனுப்பிவிட்டு, அதே பெஞ்சில் பிரகாஷை உட்கார வைத்தார் சேஷகிரி.

"பதினோரு தடவ ஒத்திகை பாத்திருக்காரு. அப்புறமும் நகையை வண்டியிலேயே வெச்சுக்கிட்டுச் சுத்தியிருக்காரே?"

ரூபினி லேப்டாப்பை மூடினாள்.

"நகையை எடுத்தப்புறம் என்ன பண்ணணும்னு நான் எழுதவே இல்ல சார். நாலாவது திருத்தத்துல கேக்கலாம்னு இருந்திருப்பாரு."