பஞ்சு ஒட்டிய சுவர்

"சார், என் எஞ்சினை யாரோ கெடுத்துட்டாங்க."

பாதிச் சவரத்தோடு கதவைத் திறந்த இன்சூரன்ஸ்காரர், வாசலில் நின்ற பல் டாக்டரைப் பார்த்தார். ஊரார் வாயைத் திறக்கவைத்துப் பிழைக்கிற மனிதர். இன்றைக்கு அவர் வாய்தான் மூட மறுத்தது.

டாக்டர் விமானம் கட்டுகிற சங்கதி தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நாமே சொல்லியிருக்கிறோம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. இப்போது மகள் காலேஜ் போகிறாள். பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சின் அதற்கு. பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றும். இன்று காலை பத்து மணிக்குப் பரிசோதனை அதிகாரி வருகிறார். அவர் முன்னால் எஞ்சின் ஓடாவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்பது டாக்டருடைய அண்ணனின் தீர்ப்பு. கொட்டகை அவருடையது.

"சர்க்கரை, அத்தான்! பெட்ரோல் டேங்க்ல யாரோ சர்க்கரை போட்டிருக்காங்க" என்றான் இன்சூரன்ஸ்காரரின் மைத்துனன், செருப்பை மாட்டிக்கொண்டே. வேலை தேடுவதாக அக்கா வீட்டில் வந்து இருப்பவன். துப்புத் தேடுவதில் இருக்கிற வேகம் அதில் இல்லை.

"மொதல்ல பார்ப்போம்" என்றார் அத்தான். மோதி நொறுங்கிய கார்களைப் பார்த்து, எவன் சொல்வது பொய் என்று கம்பெனிக்குச் சொல்லியே ஓய்வு பெற்றவர். மூக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கொட்டகை கிளினிக்கைப் போலச் சுத்தமாக இருந்தது. டாக்டரின் மனைவி கையில் டார்ச்சோடு நின்றாள். அண்ணன் ஒரு ஸ்டூல் தாங்கும் அளவுக்கு மேலாகவே அதில் உட்கார்ந்திருந்தார்.

"இது பறக்கும்னு நம்பறவங்க கைதூக்குங்க" என்றார் அண்ணன்.

"நேத்து சாயங்காலம் வெளியே தள்ளிட்டுப் போய் ஓட்டினேன், அருமையா ஓடுச்சு" என்றார் டாக்டர். "உள்ள கொண்டுவந்து நிறுத்தி, கூட்டிப் பெருக்கிட்டு, மூலை வீட்டுக்காரர் விருந்துக்குப் போனோம். காலையில விமானத்துல ஏறாம, பக்கத்துல நின்னபடியே சாவியைத் திருப்பினேன். சுத்துது, பிடிக்கல. பெட்ரோல் வருது. வேற ஒரு பிளக் போட்டுப் பார்த்தேன், பொறியும் வருது."

இன்சூரன்ஸ்காரர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, முன்னால் இருந்த காற்றாடியைக் கையால் சுற்றினார். எதிர்த்துத் தள்ள வேண்டியது, கொழகொழவென்று சுற்றியது. டாக்டரின் முகம் வெளுத்தது. "உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற சீல் போச்சா? அப்போ எஞ்சினையே பிரிக்கணும். பத்து மணிக்குள்ள நடக்காது."

இன்சூரன்ஸ்காரர் விமானத்தின் வாலைத் தாண்டிப் பின்சுவருக்குப் போனார். எஞ்சின் முன்னால் இருக்க இவர் ஏன் சுவரைப் பார்க்கிறார் என்று மைத்துனனுக்குச் சங்கடமாக இருந்தது. எண்ணெய் துடைக்க டாக்டர் மேஜை மேல் வைத்திருக்கும், பல் டாக்டர்கள் வாயில் வைக்கிற பஞ்சுத் துண்டுகள் சுவரின் சொரசொரப்பில் ஒட்டியிருந்தன. பிறகு அவர் விமானத்தில் ஏறி விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினார். அது முழங்கால்வரை தொங்கியது. டாக்டரோ துடைப்பக் குச்சி. அவர் மனைவி அவரைவிட ஒல்லி.

"பிளக்கைக் கழட்டுங்க டாக்டர்."

கழற்றினார். பிளக் பெட்ரோலில் நனைந்து சொட்டியது.

"சீல் போகல" என்றார் இன்சூரன்ஸ்காரர். "பெட்ரோல் வெள்ளம். சீல் மேல இருந்த எண்ணெயைக் கழுவிடுச்சு, அதான் அழுத்தம் இல்ல. குளிர்ந்து கிடக்கிற ரோட்டரியைக் கிளப்பி, சூடாகறதுக்குள்ள அணைச்சா இப்படித்தான் ஆகும். காலையில நீங்க திரும்பத் திரும்பச் சுத்தினதுல இன்னும் கொஞ்சம் சேர்ந்துடுச்சு."

"சூடாகாம அணைக்கக் கூடாதுன்னு இவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள் மனைவி. "கடிகாரம் பிடிக்கிறதே நான்தான்."

"தெரியும்மா. அதனாலதான் உங்க ரெண்டு பேரையும் சந்தேகத்துலேருந்து விட்டுட்டேன். டாக்டர் வெளியேதான் ஓட்டுவார். ஆனா மேஜை மேல இருந்த பஞ்சு பின்சுவர்ல ஒட்டியிருக்கு. காலையில எஞ்சின் பிடிக்காம ஸ்டார்ட்டர் மட்டும் சுத்தின காத்துக்கு அது அசையாது. அப்போ, பெருக்கினதுக்கு அப்புறம் யாரோ உள்ளேயே எஞ்சினைக் கிளப்பியிருக்காங்க. தெருவே விருந்துல இருந்ததால சத்தம் யாருக்கும் கேக்கல."

(நாமும் அங்கேதான் இருந்தோம். இல்லையென்றால் நம் காதுக்குத் தப்பியிருக்குமா?)

மைத்துனன் அண்ணன் பக்கம் திரும்பினான். "கொட்டகை வேணும்னு கெடுத்தீங்க, அதானே?"

"அவசரப்படாத" என்றார் அத்தான். "கெடுக்க வந்தவன் பெல்ட்டை இவ்வளவு நீட்டிப் போட்டுக்க மாட்டான்."

எல்லோர் பார்வையும் அண்ணனின் வயிற்றில் போய் நின்றது.

"சும்மா உட்காந்து பாக்கலாம்னுதான் வந்தேன்" என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "பெல்ட் இருந்துச்சு, போட்டேன். சாவி தொங்குச்சு, திருப்பினேன். அது அப்படிக் கத்தும்னு எவன் கண்டான்? உடனே அணைச்சுட்டேன்."

"கேட்டிருந்தா நானே உட்கார வெச்சிருப்பேனேண்ணா."

"தெரு முழுக்க உன்னைக் கேலி பண்ணிட்டு எந்த மூஞ்சியோட கேக்கறது?"

அதற்கு மேல் பேச நேரமில்லை. பெட்ரோல் பம்ப்பின் இணைப்பைப் பிடுங்கி, பிளக் ஓட்டைகளைத் திறந்தபடியே வைத்து எஞ்சினைச் சுற்றவிட்டார்கள். உள்ளிருந்த பெட்ரோல் புஸ் புஸ்ஸென்று வெளியேறியது. ஓட்டைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, புது பிளக் மாட்டினார் டாக்டர். விமானத்தை வெளியே தள்ள அண்ணன் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். முதல் முறை ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு இருமல். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினார். இருமல், வெள்ளைப் புகை, மறுபடி இருமல். அதிகாரியின் ஜீப் கேட்டில் நுழைந்தபோது எஞ்சின் பிடித்துக்கொண்டு தெருவையே எழுப்பியது.

அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார். சத்தம் அடங்கியதும் கேட்டார்: "விமானம் தொடர்ந்து இந்தக் கொட்டகையிலதான் இருக்குமா?"

"வேற எங்க இருக்கும்?" என்றார் அண்ணன்.

"காலி பண்ணச் சொன்னீங்களே மாமா" என்றாள் தம்பி மனைவி, ஒன்றும் அறியாதவள் போல.

"ஓடலன்னாத்தானே சொன்னேன்?" அதிகாரி ஜீப்பில் ஏறும்போது அண்ணன் அவரைத் தனியாக ஓரம் கட்டினார். "சார், பக்கத்து சீட்டுல எத்தனை கிலோ வரைக்கும் ஏத்தலாம்?"

அதிகாரி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னார். என்ன எண் என்று நமக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அண்ணன் தினமும் தெருவை இரண்டு சுற்று நடக்கிறார்.