பஞ்சில் பதிந்த காது

அறைச் சுவரில் ஒரு காது பதிந்திருந்தது.

முந்தின நாள் மாலை, வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அவன் தன் கையால் ஒட்டிய சாம்பல் நிற ஃபோம் துண்டு அது. வரப்பு வரப்பாக எழும்பியிருந்த பஞ்சு ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கியிருந்தது. வேறொருவர் கண்ணில் பட்டிருக்காது. அவனுக்கோ, காது கேட்கும் கருவி பொருத்துகிற மருத்துவமனையில் பதினோரு வருடமாக ஒரே வேலை. காதுக்குள் பசையை விட்டு அச்சு எடுப்பான். முகத்தை மறந்தாலும் காதை மறக்க மாட்டான். மடல், மடலுக்குள் மடிப்பு, கீழே தனியாகத் தொங்கும் சதை, அதை ஒட்டிக் கன்னத்து எலும்பின் மேடு. யாரோ தலையைச் சாய்த்து, அழுத்தி, சுவருக்குள் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணிதான் என்று முடிவு கட்டினான். வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாள். சாமான் அறையாக இருந்ததை அவன் காலி செய்துகொண்ட நாளிலிருந்து அவளுக்கு அவன்மேல் காந்தல். பாட்டுக் கேட்க ஓர் அறை வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தான். பாட்டு ஒரு சாக்கு. அவள் குரல் காதில் விழாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சமையலறை வாசலில் போய் நின்றான்.

"என் ரூமுக்குள்ள போனீங்களா அண்ணி?"

வெங்காயம் நறுக்கும் கத்தி நிற்கவில்லை. "உன் ரூமா? என் பெட்டியெல்லாம் தூக்கி வராந்தால போட்டியே, அன்னையிலேர்ந்து அது உன் ரூமா?"

"பஞ்சு அமுங்கியிருக்கு. யாரோ சாஞ்சிருக்காங்க."

"அந்தக் கரடித் தோல்மேல சாயணும்னு எனக்கென்ன தலையெழுத்து?" கூடத்தை நோக்கிக் குரலை உயர்த்தினாள். "ஏங்க, காதக் குடைஞ்சு குடைஞ்சு உங்க தம்பிக்கு மூளை கலங்கிடுச்சு. என்னன்னு கேளுங்க."

"ரெண்டு பேரும் விடுங்களேன்" என்றார் அண்ணன். செருப்பை மாட்டிக்கொண்டு முடி வெட்டப் போய்விட்டார்.

அவள் திரும்பியபோது அவள் காதைப் பார்த்தான். மடலின் அடிச்சதை கன்னத்தோடு ஒட்டியே பிறந்த காது. சுவரில் இருந்தது அது இல்லை. அண்ணனுக்கு மேல்மடிப்பு சிறுவயதிலேயே நசுங்கிப்போனது. அவருடையதும் இல்லை.

திரும்பி வந்தபோது சுவரில் எதுவுமே இல்லை. வரப்புகள் நேராக நின்றன.

ஃபோம் வாங்கிய கடைக்காரனுக்குப் போன் போட்டான். "சுருட்டி அடைச்சு அனுப்புறோம்ல சார், சில பீஸ் மெதுவாத்தான் உப்பும். ஒண்ணும் ஆகாது, ஒட்டுங்க." போனை வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்தான். குழி விழுந்தது. மனதுக்குள் எண்ணினான். ஐம்பது வருவதற்குள் பஞ்சு முழுதாக எழும்பிவிட்டது. இன்னோர் இடத்தில் அழுத்திப் பார்த்தான். அங்கேயும் ஐம்பதுதான்.

அப்படியென்றால் காலையில் அவன் கதவைத் திறப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அந்தக் காது இங்கே இருந்திருக்க வேண்டும். கதவு வெளியே தாழிட்டிருந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, அதன்மேலும் ஃபோம் ஒட்டி இரண்டு நாளாகிறது.

வேறு ஒருவனாக இருந்தால் வேலையை அன்றே நிறுத்தியிருப்பான். அவனும் பசை டப்பாவை மூடத்தான் குனிந்தான். அதற்குள் வாசலில் அண்ணி வந்து நின்றாள். "என்ன, அதுக்குள்ள ஆசை தீந்துடுச்சா? அப்ப என் பெட்டிய உள்ள கொண்டாந்து வைக்கலாமா?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்றான்.

மத்தியானம் முழுக்க ஸ்டூல்மேல் நின்று கூரைக்கு ஒட்டினான். பசையின் காட்டமான நெடி தொண்டையில் இறங்கி நாக்கின் அடியில் கசந்தது. ஒவ்வொரு துண்டாக ஏற ஏற ஒவ்வொரு சத்தமாகச் செத்துக்கொண்டு வந்தது. முதலில் தெருவில் போகும் வண்டிகள், பிறகு மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது, பிறகு சமையலறைப் பாத்திரங்கள், கடைசியில் அவன் இருமலே அவனுக்கு அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது. கதவின் உட்புறமும் மூடியாயிற்று. அதிலிருந்த கையகலக் கண்ணாடிக்கு மட்டும் துண்டு போதவில்லை. சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, கதவை உள்பக்கமிருந்து தள்ளிச் சாத்தினான். அது சப்பென்று கவ்விக்கொண்டது.

நாற்காலியில் உட்கார்ந்தான்.

அமைதி இப்படி எடையோடு வரும் என்று அவன் நினைத்ததில்லை. செவிப்பறையை யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. எச்சில் விழுங்கியது கேட்டது. இமை மூடித் திறப்பது கேட்டது. கழுத்தில் ரத்தம் ஓடுவது, வயிற்றுக்குள் காற்று புரள்வது, பல்லோடு பல் உரசுவது. தன் உடம்பே ஓர் அந்நியனைப்போல் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது தவிர அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

அதனால்தான் அவன் முதலில் கவனிக்கவில்லை.

கூரையின் மூலையில் வரப்புகள் அமுங்கியிருந்தன. காது இல்லை. கை. ஐந்து விரலும் விரிந்த கை. விரல்கள் அவனுடையதைவிட இரண்டு கணு நீளம். அதை அழுத்தும் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. குழி மட்டும்தான்.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். பஞ்சு மெல்ல எழும்ப ஆரம்பித்தது. முப்பது வந்தபோது அதற்கு ஒரு முழம் இப்பால் இன்னொரு கை பதிந்தது.

பிறகு ஒரு முட்டி. பிறகு மறு முட்டி.

சத்தமே இல்லை.

குழிகள் கூரையில் அவனை நோக்கி வந்தன. நின்றன. நடுவில் வட்டமாக ஒன்று அமுங்கியது. காது. கூரையில் காதை வைத்துக் கேட்கிறது. அவன் மூச்சை அடக்கினான். நெஞ்சை அடக்க முடியவில்லை. அது அடித்துக்கொண்டது.

குழிகள் மறுபடி நகர்ந்தன. இந்த முறை வேகமாக.

கதவுக்குப் பாய்ந்தான். குத்தினான். பஞ்சு முஷ்டியை விழுங்கியது. "அண்ணி!" கத்தியது வாயை விட்டு ஒரு சாண்கூடப் போகவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் கை. வாய் அசைந்தது. திட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். ரப்பர் விடவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். விரல் அகலத்துக்குத் திறந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் உள்ளே வந்தது. அவள் குரலும் வந்தது. "காலையிலேர்ந்து உள்ள என்னதான் பண்..."

குரல் நின்றது.

அவள் பார்வை அவனை விட்டு மேலே ஏறியது. அவன் தலைக்கு மேல். கூரைக்கு. அவள் முகத்தில் அதுவரை இருந்த கோபம் ஒரு துளி மிச்சமில்லாமல் வடிந்தது.

கதவை அவள் வெளியிலிருந்து பிடித்து இழுத்தாள். முழு பலத்தோடு. ரப்பர் கவ்வியது. தண்ணீர்ச் சத்தம் அறுந்தது. தாழ்ப்பாள் விழுந்த அதிர்வு அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

கண்ணாடியில் அவள் முகம். வாயைப் பொத்திய கை. கண்கள் மட்டும் நகர்ந்தன. கூரையிலிருந்து இறங்கின. மெதுவாக. சுவர் வழியாக. அவன் முதுகுக்கு. அவன் தோளுக்கு.

அவன் காதருகே வந்து நின்றன.