ஜினுவின் பெயர் கட்டிய ஜாடி

லேகா ஓடிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்க நிற்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்.

"கத்தி வைக்காதீங்க டாக்டர். அது ஜினுவுக்கதில்ல."

மேஜைமேல் ஏழு வயது ஜினு மயக்கத்தில் கிடந்தான். கத்தி இன்னும் தோலைத் தொடவில்லை. பக்கத்து எஃகுத் தட்டில் வெளிறிய துண்டு ஒன்று கிடந்தது. ஜாடியிலிருந்து எடுத்து, ஜினுவின் அளவுக்கு ஓரம் வெட்டிய துண்டு.

1999. காலை ஒன்பதே கால். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், நெடுஞ்சாலையோரத் தனியார் ஆஸ்பத்திரி.

சிறுநீர்ப்பை சரியாக உருவாகாமல் பிறந்த குழந்தைகள் இருவர். தேங்கும் சிறுநீர் மேலே ஏறி சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் பையிலிருந்தும் நகக்கண் அளவு சதை எடுத்து, அதன் செல்களைப் பஞ்சு போன்ற ஒரு அச்சில் வளர்த்திருந்தாள் லேகா. வளர்ந்ததை அதே குழந்தையின் பையில் ஒட்டுப்போடுவதுதான் திட்டம். அடுத்தவர் சதை என்றால் உடம்பு ஏற்காது. சீழ் வைத்து, இருக்கிற பையையும் கெடுத்துவிடும்.

ஜினுவின் ஜாடி தியேட்டருக்குப் போன பிறகு, வெட்டி எறிந்த ஓரத்தில் ஒரு துளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கடைசிச் சரிபார்ப்பு. செல்லின் உட்கரு ஓரத்தில் கருப்புப் புள்ளி. அடுத்ததிலும் புள்ளி. அந்தப் புள்ளி பெண்ணின் செல்லில்தான் இருக்கும்.

இரண்டாவது குழந்தை பிரசீதா. ஆறு வயதுப் பெண்.

பத்தரை மணிக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ரெத்தினதாஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். கேள்வி கேட்கும்போது ஆளைப் பார்க்கமாட்டார், ஆளின் கையைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரி டைரக்டர் ஏற்கெனவே குற்றவாளியை முடிவுசெய்திருந்தார். ஜினுவின் தாய் ஜெஸி. ஜாடியை அவளே மாற்றினாள் என்று உறுதியானால் பையனின் பெயரைச் சிகிச்சையிலிருந்து வெட்டிவிடுவதாகவும் சொன்னார்.

"பையன் என்ன தப்பு செய்தான்?" என்றார் ரெத்தினதாஸ்.

டைரக்டர் லேகாவைக் கூப்பிட்டார்.

லேகா வளர்ப்பறையைக் காட்டினாள். உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டி. அதற்குள் செல் வளரும் திரவம் நிரப்பிய இரண்டே ஜாடிகள் இருந்தன. பெயரெழுதிய அட்டையை ஜாடிக் கழுத்தில் நூலால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து மாற்றிக் கட்ட ஒரு நிமிடம் போதும்.

புதன்கிழமை, அதாவது நேற்று, மதியம் இரண்டு ஜாடியும் தெளிவாக இருந்ததாம். பிறகு அவள் பட்டணம் போய்விட்டாள். இன்று காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தபோது பிரசீதாவின் அட்டை தொங்கிய ஜாடி மோர் போலக் கலங்கியிருந்தது. கிருமி. அந்தப் பெண்ணின் ஆபரேஷனை உடனே ரத்து செய்தார்கள்.

"உண்மையில் கலங்கினது பையனுக்க ஜாடி. இல்லையா?"

"ஆமா சார். யாரோ அட்டையை மாத்தியிருக்காங்க."

சாவி மூன்று பேரிடம். லேகா, ஆய்வக உதவியாளன் மோகனன், ஜெனரேட்டர் பார்க்கும் தங்கப்பன். அந்த அறைக்குள்தான் ஸ்டெபிலைசர் இருந்தது. தங்கப்பன் பிரசீதாவின் அப்பாவும்கூட.

மோகனனை அழைத்தார்.

"நேற்று லேகா போன பெறகு யாரு உள்ள வந்தா?"

"ஆரும் வரல்ல சாரே."

"எலே, மதியச் சோறு எனக்கு எப்பிடியும் உண்டு. உன்னை ஸ்டேஷன்ல வச்சிட்டும் நான் தின்னுவேன்."

மோகனன் விரல்களைப் பிசைந்தான். பிறகு எல்லாம் வந்தது. நேற்று காலை கையுறை போடாமல் ஒரு ஜாடியைத் திறந்து பார்த்திருந்தான், எது என்று நினைவில்லை. சாயங்காலம் ஜெஸி வந்து, ஒரு தடவை ஜெபம் செய்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். உள்ளே விட்டு வாசலில் நின்றான். அவள் போனதும் பூட்டினான்.

டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜெஸி வந்தாள். கையில் பைபிள் இல்லை, மகனின் சட்டை இருந்தது.

"உள்ள என்ன கண்டீங்க அம்மா?"

"எனக்க பிள்ளைக்க ஜாடி கலங்கிக் கெடந்து சாரே. மத்தது நல்ல தெளிவா இருந்து."

டைரக்டர் ரெத்தினதாஸைப் பார்த்தார். தூக்குக் கயிற்றில் தானே தலையை நுழைத்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன் ஆருகிட்டயும் பறயல்ல?"

"பறஞ்சா ஆபரேஷன் நிண்ணு போவும். முட்டுகுத்தி ஜெபம் பண்ணி அழுதேன். இன்னைக்குக் காலத்த ஜினுவுக்கது நல்லாயிருக்குன்னு டாக்டர் சொன்னப்பம், கர்த்தர் கேட்டாருன்னாக்கும் நெனச்சேன்."

ரெத்தினதாஸ் அவளைப் போகச் சொல்லிவிட்டு வார்டுக்கு நடந்தார்.

வார்டு சிஸ்டர் சுகிர்தபாய் கோபத்தில் இருந்தார். விடிய விடியப் பட்டினி போட்ட பிள்ளையை மயக்கி, வெட்டாமலே திருப்பி அனுப்பினால் தாய் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். ஜினு பாலுக்கு அழுதானாம். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிரசீதாவுக்கு அந்தக் கஷ்டமில்லை. தங்கப்பன் காலை ஆறு மணிக்கே புட்டும் பழமும் வாங்கி ஊட்டிவிட்டார், இப்போது சுகமாக உறங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே போய்விட்டது, மற்றது எத்தனை நாள் தாங்குமோ என்று முனகியபடி ட்ரேயை எடுத்துக்கொண்டு போனார்.

ரெத்தினதாஸ் கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்றே முக்கால். டைரக்டர் அறையில் எல்லோரையும் உட்காரவைத்தார். தங்கப்பன் மட்டும் நின்றார். கையில் கிரீஸ் கறை.

"ஜெஸி மாத்தல்ல," என்றார் ரெத்தினதாஸ். "மாத்தினவ, ஜாடி கலங்கியிருந்ததை நம்மகிட்ட சொல்லவேமாட்டா. அவ சொல்லாட்டி அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அவளுக்குப் பெறகு உள்ள போன ஒருத்தரு அதைக் கண்டாரு. நல்ல ஜாடிக்கும் கெட்ட ஜாடிக்கும் பேரை மாத்திக் கட்டினாரு."

"லாபம் ஜினுவுக்குத்தானே?" என்றார் டைரக்டர்.

"நல்ல ஜாடி கிடைக்குறது லாபம்னு நாமதான் நெனச்சோம். ஆபரேஷன் வேண்டாம்னு நினைக்கிறவருக்குக் கெட்ட ஜாடிதான் லாபம்." திரும்பினார். "தங்கப்பன், இன்னைக்கு ரெண்டாவது ஆபரேஷன் உங்க மகளுக்கு. வெறும் வயிறா இருக்கணும். ஜாடி கெட்டுப்போனது எட்டு மணிக்காக்கும் லேகாவுக்கே தெரியும். ஆறு மணிக்குப் பிள்ளைக்கு எந்தத் தைரியத்துல புட்டு குடுத்தீரு?"

தங்கப்பன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தார்.

"நேற்று ராத்திரி ஸ்டெபிலைசர் பாக்கப் போனேன். ஒண்ணு கலங்கிக் கெடந்து. எனக்க மகளுக்குக் கெட்டதுன்னு வந்தா போதும், வெட்டமாட்டாங்கன்னு தோணிச்சு."

"வேண்டாம்னு வாயால சொன்னா தீர்ந்துதே. ஏன் பயம்?"

 தங்கப்பன் தரையைப் பார்த்தே பேசினார்.

"ஞாயிறாழ்ச்ச மழையில லைன் போச்சு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகல்ல. விடியுத வரை பெட்டி குளுந்து கெடந்து. லைன் வந்தப்பம் பெட்டி தானே சூடாச்சு, ஆருக்கும் தெரியல்ல. சொன்னா வேலை போவும், மகளுக்க சிகிச்சையும் போவும். ரெண்டு ஜாடியும் அன்னைக்கே செத்துப்போச்சு சாரே. செத்ததையா எனக்க பிள்ளைக்கு வச்சுத் தைக்க விடுவேன்?"

ஜெஸி எழுந்தாள். குரல் உயரவில்லை.

"எனக்க பிள்ளைக்கு வைக்கலாம், இல்லியா அண்ணா?"



லேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

"குளிர்ல செல் சாகாது அண்ணா. தூங்கும், அவ்வளவுதான். சூடு வந்தா திரும்ப முழிச்சு வளரும். திங்கட்கிழமை நான் பார்த்தேன், ரெண்டும் நல்லா வளர்ந்துகிட்டு இருந்தது. ஜினுவுக்கது கெட்டது மோகனனுக்க கையால." அவள் நிறுத்தினாள். "தியேட்டர்ல ஜினு அளவுக்கு வெட்டித் தட்டுல காயப்போட்டோமே, உங்க மகளுக்கது, ஒன்பது மணி வரைக்கும் உயிரோட இருந்தது."